காலண்டருக்கு ஆகாத படம்

ஐம்பது வயதில் என் தம்பி வர்ணப்பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்து போனான். எங்கள் குடும்பத்தில் யாரும் அப்படி நடந்ததில்லை. அவன் வேலை பார்த்த அட்டைப்பெட்டி ஆலையின் கிடங்கில் தீப்பிடித்து இரண்டு பேர் இறந்தார்கள். தீயணைப்புக்காரர்கள் கூரைத் தகட்டைப் பெயர்த்து இவனை மட்டும் உயிரோடு தூக்கினார்கள். கைப்புண் ஆறிவிட்டது; பேச்சு திரும்பவில்லை. கேட்டால் "ம்" என்பான், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. கதவைச் சாத்தினால் உடம்பெல்லாம் வேர்த்துவிடும். டாக்டர் மாத்திரையோடு சேர்த்துச் சமூகக்கூடத்துப் படவகுப்புக்கும் எழுதிக் கொடுத்தார்.

வகுப்பு என்பது நான் சொல்வது. அவர்கள் அதைக் குழு என்பார்கள். விபத்தில் சிக்கியவர்கள், வெள்ளத்தில் வீட்டைப் பறிகொடுத்தவர்கள், புருஷனிடம் உதைபட்டு வந்தவர்கள் எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து தாளை அழுக்காக்குவார்கள். நடத்துகிற அம்மாளுக்குச் சாயக்காரி என்று நான் பெயர் வைத்திருந்தேன். அவளிடம் ஒரே விதி: என்ன வரைந்தாய் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது, சொல்லத் தோன்றுகிறவர் தானாகச் சொல்லட்டும். வாயை மூடிக்கொண்டு நிற்பதற்கு ஒரு பட்டமும் வாங்கி, அதைச் சட்டம் போட்டுச் சுவரிலும் மாட்டியிருந்தாள்.

ஒருநாள் நேரில் போய்ப் பார்த்தேன். தம்பியின் முன்னால் பெரிய தாள். முழுக்கக் கரியைத் தேய்த்து வைத்திருந்தான், நகக்கண்ணெல்லாம் கறுப்பு. அடியில் மட்டும் மஞ்சளாக ஒரு கீற்று.

"இந்தக் கர்மத்துக்கா பஸ் ஏறி வர்றே?" என்றேன்.

"ம்."

"ஐயா, அவரு வேலையா இருக்காரு. நீங்க வெளிய உட்காருங்க" என்றாள் சாயக்காரி. நீதிமன்றத்தில் சாட்சிகளுக்கு உறுதிமொழி வாசித்துக் காலம் கழித்தவன் நான். என்னை வெளியே உட்காரச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

தீ விபத்து விசாரணை அப்போது நடந்துகொண்டிருந்தது. கிடங்குக் கதவு திறந்துதான் இருந்தது, உள்ளே இருந்தவர்கள் பயத்தில் வழி தவறிவிட்டார்கள் என்று ஆலை எழுதிக் கொடுத்திருந்தது. கதவு சாம்பலாகிவிட்டது. மறுத்துச் சொல்ல மிஞ்சியவன் என் தம்பி ஒருவன்தான். அவன் வாயைத் திறக்கவில்லை. அந்த விவகாரத்தில் நம் வீட்டுப் பெயர் அடிபடாமல் போனதே நல்லது என்றுதான் நானும் இருந்துவிட்டேன்.

இதற்கு நடுவில் ஆலைக்குக் கருணை பொங்கியது. குழுவுக்கு வர்ணமும் தாளும் இனாம். கண்காட்சி வைத்தால் நல்ல படம் ஒன்றைப் பொறுக்கி ஆலையின் காலண்டரில் போடுவார்களாம். என் மைத்துனன் அந்த ஆலை அலுவலகத்தில் இருக்கிறான். மானேஜர் தும்மினால் இவன் மூக்கைத் துடைத்துக்கொள்வான்.

கண்காட்சியன்று தம்பியை நானே அழைத்துப் போனேன். சுவரில் அவன் பெயருக்கு மேலே ஒரு சூரிய உதயம் தொங்கியது. ஆறு, படகு, பறவை, எதற்கும் குறைவில்லை. முடிதிருத்தும் கடையில் மாட்டலாம். பக்கத்தில் மைத்துனன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"எப்படி அத்தான்? போர்டு எழுதுறவர்கிட்ட சொல்லி வரைஞ்சு வாங்கினேன். அந்தக் கரியை மாட்டினா நம்ம மானம்தானே போகும்? இது காலண்டர்ல வந்தா சொந்தக்காரங்க மத்தியில நமக்கு ஒரு இது."

"வேண்டாம்னு சொன்னேங்க. வர்ணம் வாங்கிக் குடுத்தவங்களுக்கு இதுகூட உரிமை இல்லையான்னு கேக்குறாரு" என்றாள் சாயக்காரி. அவள் முகம் சிவந்திருந்தது.

தம்பி அந்தப் படத்தைப் பார்த்தான். பிறகு அதன் கீழே இருந்த தன் பெயரைப் பார்த்தான். வாசல் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினான். அவன் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

"இவன் படம் எங்கே?" என்றேன்.

"பீரோவுக்குப் பின்னாடி. அத்தான், மானேஜர் வந்துட்டாரு, இப்பப் போய்…"

"எங்க வீட்டுல எவனும் அடுத்தவன் செஞ்சதுக்குத் தன் பேரைப் போட்டுக்கிட்டதில்லை. உங்க வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாது."

சூரிய உதயத்தை இறக்கி மைத்துனன் கையில் திணித்துவிட்டு, பீரோவின் பின்னாலிருந்து கரித்தாளை எடுத்து நானே மாட்டினேன். என் வெள்ளைச் சட்டை பாழானது. அந்தப் படம் எனக்குப் பிடித்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் அசிங்கம் எங்களுடையது.

மானேஜர் புகைப்படக்காரரோடு அருகில் வந்தார். சென்ட் வாசனை அவருக்கு முன்னால் வந்தது. "என்னய்யா இது? கரண்ட் போன ரூமா?" என்று சிரித்தார். மைத்துனனும் கூடவே சிரித்தான்.

"சார், இங்க அப்படிக் கேக்குறதில்லை" என்றாள் சாயக்காரி.

"கதவு" என்றான் தம்பி.

குரல் கரகரத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னான். "கிடங்குக் கதவு. உள்ள முழுக்கப் புகை. கதவுக்கு அடியில மட்டும் வெளிச்சம் தெரிஞ்சுது. நாங்க மூணு பேரும் தட்டிக்கிட்டே இருந்தோம். வெளியில பூட்டு போட்டிருந்துச்சு."

புகைப்படக்காரர் கேமராவை இறக்கினார். மானேஜர் என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"பெரியவரே, உங்களைப் பார்த்தாலே விவரமானவர்னு தெரியுது. தம்பிக்கு இன்னும் மனசு தெளியலை, பாவம். நீங்க வீட்டுக்குப் பெரியவர், நீங்களே அப்படி ஒரு வார்த்தை சொல்லிட்டா விஷயம் இங்கயே முடிஞ்சுரும். அவருக்கு வேண்டியதை ஆலை பார்த்துக்கும்."

"ஆமான்னு சொல்லுங்க அத்தான். என் வேலையும் இருக்கு" என்றான் மைத்துனன்.

பொய் சொல்ல வந்தவன் என்னைப் பெரியவரே என்று கூப்பிடுவது எனக்குப் புதிதல்ல. கூண்டில் நின்ற திருடர்களுக்குக்கூட இதைவிடக் கூச்சம் இருந்தது.

"என் தம்பியைப் பைத்தியம்னு சொல்லி நான் எங்க வீட்டு மானத்தைக் காப்பாத்தணும். அதுதானே உங்க யோசனை?" என்றேன். "கையை எடுங்க. உங்க சென்ட் என் சட்டையில ஒட்டிக்கும்."

எல்லோர் முன்னிலையிலும் தம்பியிடம் போனேன். அந்தக் கூடத்தின் விதி எனக்குத் தெரியும். இருந்தும் கேட்டேன்.

"யார்டா பூட்டச் சொன்னது?"

அவன் கரி போகாத விரல்களைச் சட்டையில் துடைத்தான். பிறகு தலை நிமிர்ந்து மானேஜரைப் பார்த்தான்.

"இவர்தான்ணே. வேலை நேரத்துல டீ குடிக்கப் போறோம்னு."

"விசாரணையில இதையே சொல்லணும்."

"சொல்றேன். அந்த ரூம்லயும் கதவைச் சாத்துவாங்களா?"

"சாத்த மாட்டாங்க" என்றேன். "வாசல்ல நான் நிக்கிறேன்."