ஐந்தடி நாலு அங்குல இருதயம்

யாழ்ப்பாணத்துக் கோப்பாய் உதயகலாவின் உயரம் நாலடி பத்து அங்குலம். அவளுக்குள் துடித்த இருதயமோ ஐந்தடி நாலு அங்குலப் பெண்ணுக்கு உரியது. 2023ஆம் ஆண்டு பங்குனியில், சின்ன வெங்காயம் கிலோ முந்நூற்று அறுபது ரூபாவுக்குப் போன கிழமையில் இது தெரியவந்தது. அந்த இருதயம் வேறு யாரிடமிருந்தும் எடுத்துப் பொருத்தப்பட்டதல்ல. தாய் பராசக்தி நாலு வருடங்களாக வாயால் சொல்லிச் சொல்லியே அதை வளர்த்திருந்தாள்.

பராசக்தியைப் பொய்காரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கணவன் நடராசா காலமான பிறகு பத்துப் பரப்பு வெங்காயத் தோட்டத்தையும் தனியாகச் செய்தவள், வெங்காயத்தில் ஈரமிருந்தால் வியாபாரி கேட்க முன்னரே சொல்லிவிடுகிற மனுசி. ஆனால் மகளுக்கு இருபத்தைந்து வயது நடந்தபோது கலியாணத் தரகர் வந்து, குறிப்பைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "நாலடி பத்து வெளிநாட்டுக்கு எடுபடாது அக்கா. ஐஞ்சடி நாலு எண்டு போடுவம். எல்லாரும் கூட்டித்தான் போடுகினம், அவையும் குறைச்சுத்தான் வாசிப்பினம்" என்றார். உண்மையில் அது ஊருக்கெல்லாம் பொதுவான வழக்கம்தான். பெண்ணுக்கு உயரத்தைக் கூட்டுவதும் மாப்பிள்ளைக்கு வயதைக் குறைப்பதும் களவென்று எங்கள் பக்கத்தில் ஒருவரும் எண்ணுவதில்லை. படம் பிடிக்க வந்தவன் உதயகலாவை ஒரு சீமெந்துக் கல்லின் மேல் ஏற்றி, சேலைக் கொய்யக மடிப்பால் கல்லை மறைத்தான். அன்றிலிருந்து லண்டனிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் அழைப்புகள் வர வர, பராசக்தி தொலைபேசியைக் காதில் வைத்தபடி முதுகு நாரியை நிமிர்த்தி "ஐஞ்சடி நாலு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். உயரத்தைப் பற்றிய பேச்சு வந்தால் உதயகலா மறுபக்கம் திரும்பிவிடுவாள். உடம்பு அந்தப் பேச்சை நம்பவில்லை. உள்ளே இருந்த இருதயம் ஒன்றுதான் நம்பியது.

அது சத்தமில்லாமல் வளர்ந்தது என்றும் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு தீபாவளிக்கும் உதயகலாவின் சட்டையில் இடப்பக்கத்துக் கொளுக்கி தெறித்தது. சைக்கிளில் சாய்ந்து நின்றால் கைபிடியிலிருந்த மணி, துடிப்புக்கு ஒன்றாக மெல்லக் கிணுகிணுத்தது. சந்தியில் நிற்பவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டே, விவசாயிகளுக்கான கமநல நிலையத்தில் வேலை செய்கிற பிள்ளை வந்துவிட்டாள் என்று தெரிந்துகொள்வார்கள். அதைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை. மணி பழசு, ஆணி கழன்றிருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

ரொறன்ரோவிலிருந்த மயூரதனின் சம்பந்தம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் நாள் வைக்க முன்னர் ஒரு முழு உடல் சோதனை கேட்டார்கள். எக்ஸ்ரேயில் இருதயம் கொஞ்சம் அகலமாகத் தெரிந்ததால், யாழ்ப்பாண நகரத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் எக்கோ என்கிற இருதய ஸ்கான் எடுக்கச் சொன்னார்கள். உதயகலா அங்கே இடப்பக்கமாகச் சரிந்து படுத்திருந்தாள். மெசினை இயக்கிக்கொண்டிருந்த கொலின்ஸ் என்பவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "தங்கச்சி, உயரம் என்ன?" என்று கேட்டார். மகள் வாயைத் திறக்க முன்னரே பராசக்தி "ஐஞ்சடி நாலு" என்றாள். சொல்ல வேண்டுமென்று அவள் சொல்லவில்லை. நாலு வருடப் பழக்கத்தில் அது தானாக வந்து விழுந்தது. கொலின்ஸ் அதை மெசினில் தட்டினார். "ஐஞ்சடி நாலு ஆளுக்கு அச்சொட்டான இருதயம்" என்று மெசின் சொன்னதை அப்படியே சொன்னார்.

உதயகலா பக்கத்து அறையில் சோதனைக்கு இரத்தம் கொடுக்கப் போயிருந்தபோது, டொக்டர் சண்முகநாதன் பராசக்தியிடம் அறிக்கையைக் கொடுத்தார். அவர் விளக்கம் சொல்வதில் விருப்பமுள்ள மனிதர். "எல்லாருக்கும் ஒரே அளவு இருதயமில்லை அம்மா. ஏறக்குறைய அவரவர் பொத்தின கை அளவு. நெட்டைக்கு ஒண்டு, கட்டைக்கு ஒண்டு. ஆம்பிளைக்குப் பெரிசு, பொம்பிளைக்குச் சின்னன். நிறையைப் பொறுத்தும் வயசைப் பொறுத்தும் மாறும். நீந்திற ஆக்களுக்கும் பிள்ளை வயித்திலை உள்ள ஆக்களுக்கும் கொஞ்சம் பெருக்கும். அதுதான் உயரம் கேக்கிறது. உயரம் பிழைச்சால் எல்லாம் பிழை" என்றார். பராசக்தி "ஓம் டொக்டர்" என்று கடுதாசியை வாங்கிக்கொண்டாள். அதில் 'இயல்பு' என்று போட்டிருந்தது. மகளை ரொறன்ரோவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற சொல் அது. டொக்டரின் விளக்கத்தை மகள் கேட்கவில்லை. அந்தச் சொல் பிழையென்பது உலகத்தில் அவள் ஒருத்திக்கே தெரியும்.

மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வாயைத் திறந்தால் பிள்ளைக்கு இருதயம் வீங்கியிருக்கிறது என்றாகும், கலியாணம் குழம்பும். மூடிக்கொண்டால் பிள்ளை போகும் பனி தேசத்தில் ஒரு நாள் மாடிப்படியில் சரிந்து விழும், அப்போது தாங்கிப் பிடிக்கத் தாய் பக்கத்தில் இருக்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உதயகலா அயர்ந்து தூங்கியபோது, பராசக்தி தையல் நாடாவை எடுத்து உச்சியிலிருந்து குதிக்கால் வரை அளந்து பார்த்தாள். ஒருவேளை வளர்ந்திருக்கலாமே என்ற ஒரு நப்பாசைதான். நாலடி பத்துத்தான் இருந்தது. மகளின் கைவிரல்கள் தூக்கத்தில் மடங்கி ஒரு சின்ன எலுமிச்சம்பழம் அளவில் கிடந்தன. பராசக்தி வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதாள்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய் டொக்டரின் முன்னால் நின்றாள். "பொய் சொல்லிப்போட்டன் ஐயா. என்ரை பிள்ளை கட்டை." டொக்டர் அவளைத் திட்டவில்லை. உதயகலாவைக் கூப்பிட்டு ஓடவிட்டுப் பார்த்தார், பிரஷர் பார்த்தார், ஒரு நாள் முழுக்க நெஞ்சில் வயர் ஒட்டிப் பார்த்தார். இருதயத்துக் கதவு நாலும் ஒழுங்காகத் திறந்து மூடின, சுவர் தடிக்கவில்லை, துடிப்பு ஒரு சீராக இருந்தது. இருதயம் பெருக்கிற எந்தக் காரணமும் பொருந்தவில்லை. 2019இல் சளிக்கு எடுத்த பழைய எக்ஸ்ரே ஒன்றை உதயகலா தேடிக்கொண்டு வந்தாள். அதில் இருதயம் நாலடி பத்துக்கு அளவாக இருந்தது. அந்த வருடம்தான் தரகர் வந்தவர் என்று பராசக்தி சொன்னாள். டொக்டர் இரண்டு படங்களையும் வெளிச்சத்தில் பிடித்து, பிறகு அவளைப் பார்த்து, "விளங்குது" என்றார். தாய் நாலு வருடமாகச் சொன்ன சொல்லும் ஒரு மருந்துபோலத்தான்; பழக்கின மருந்தைச் சடாரென்று நிற்பாட்டினால் வரக்கூடிய ஆபத்தைப் பற்றித்தான் அவருடைய யோசனை போனது.

அன்று பின்னேரமே உதயகலா மயூரதனுக்குத் தானே தொலைபேசி எடுத்து உயரத்தையும் இருதயத்தையும் சேர்த்துச் சொன்னாள். அவர் நல்லவிதமாகத்தான் கதைத்தார். இரண்டு நாள் கழித்து, சாதகத்தில் புதிதாக ஒரு குற்றம் கண்டிருக்கிறோம் என்று அவருடைய தாய் அறிவித்தார். பராசக்தி மகளின் காலைத் தொடாத குறையாக மன்னிப்புக் கேட்டாள். உதயகலா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

இன்னொரு எக்கோவுக்கு வைகாசியில் நாள் கொடுத்தார்கள். தாய் தன் வாயால் மகளின் முன்னால் உண்மையைச் சொன்னால் இருதயம் சுருங்கலாம், சுருங்குகிற வேகத்தில் நின்றும்விடலாம் என்று டொக்டருக்குப் பயம். ஊசியை ஆயத்தமாக வைத்துக்கொண்டு கட்டிலருகில் நின்றார். இம்முறை கொலின்ஸ் பராசக்தியின் முகத்தைப் பார்த்தே உயரம் கேட்டார். அவள் மகளின் பக்கம் திரும்பினாள். "எனக்கு வாயே வருகுதில்லைப் பிள்ளை. உனக்கு ஏதும் நடந்திட்டால்?"

"நாலு வருசமா என்ரை உயரத்தை நீங்கள் ஒரு நாளும் சொல்லேல்லை அம்மா" என்றாள் உதயகலா. "நான் ஏதோ ஒளிச்சு வைக்கிற சாமான் மாதிரி. நடக்கிறது நடக்கட்டும். சொல்லுங்கோ."

"நாலடி பத்து" என்றாள் பராசக்தி. அது வந்த பிறகு மற்றதும் வந்தது. "என்ரை பிள்ளை நாலடி பத்து."

திரையில் இருதயம் ஒரு துடிப்பை விட்டது. நாலு பேரும் அதையே பார்த்தார்கள். பிறகு அது முன்னைப் போலவே, ஒரு நூல் குறையாமல், ஆறுதலாகத் துடிக்கத் தொடங்கியது. டொக்டர் ஊசியை மூடி வைத்தார். உயரம் என்ற இடத்தில் நாலடி பத்து என்று எழுதி, கீழே அட்டவணைக்கு ஒத்துவராத அந்த அளவையும் எழுதி, பக்கத்தில் 'இவருக்கு இது இயல்பு' என்று குறித்து ஒப்பமிட்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார். கொலின்ஸ் துடைக்கக் கடுதாசி கொடுத்தார். வெளியே அடுத்த இலக்கக்காரர் எழும்பி நின்றுகொண்டிருந்தார்.

உதயகலா கட்டிலைவிட்டு இறங்கவில்லை. கண்ணீர் காதுப்பக்கமாக ஓட, "இன்னொருக்காச் சொல்லுங்கோ அம்மா" என்றாள்.

பராசக்தி இன்னொருக்காச் சொன்னாள்.