பூண்டு வாடை

பயப்படுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இடி இடித்தால் பயம், தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் பயம், நாய் சும்மா படுத்திருந்தாலும் அது ஏன் சும்மா படுத்திருக்கிறது என்று பயம். "உன்னை நம்பி முப்பது பிள்ளைகளை விடுறாங்களே, அந்தப் பெத்தவங்களுக்குத்தான் தைரியம் ஜாஸ்தி" என்று என் வீட்டுக்காரர் ராஜரத்தினம் கேலி செய்வார். பத்து பெரெண்டாம் என்ற ஊரின் விமானத் திடலில் குமாஸ்தா அவர். தலைக்கு மேல் விமானம் பறந்தாலும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்.

இப்படிப்பட்ட என் தலையில்தான் எங்கள் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் நல்லையா விஞ்ஞானப் பாடத்தைக் கட்டினார். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பள்ளிக்கூட வாசலில் கட்டிய கொடித்தோரணம் மழையில் சாயம் போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. "புது நாடு, டீச்சர். பிள்ளைங்களுக்குப் புதுசா ஏதாவது காட்டணும். வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வர்றாரு" என்றார். பாடம், சக்தியின் வகைகள்.

அந்தப் பாடத்தைப் படித்ததிலிருந்து இருந்த கொஞ்ச நிம்மதியும் போயிற்று. ஓடுவதில் இயக்க சக்தி இருக்கிறதாம். சரி, அது கண்ணுக்குத் தெரியும், ஒதுங்கிக்கொள்ளலாம். உயரத்தில் சும்மா இருக்கும் பொருளிலும் சக்தி இருக்கிறதாம், நிலைச் சக்தி. பரண்மேல் இருக்கும் அரிசிச் சாக்கு என் தலையில் விழுவதற்கான சக்தியை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. எல்லாவற்றிலும் மோசம் இரசாயன சக்தி. பார்த்தால் தெரியாது, தொட்டால் தெரியாது. விறகில் இருக்கிறது, மண்ணெண்ணெயில் இருக்கிறது, தீக்குச்சி முனையில் இருக்கிறது. நேரம் வந்தால் வெப்பமாகவும் ஒளியாகவும் ஒலியாகவும் வெளியே வரும்.

இன்ஸ்பெக்டருக்குக் காட்ட அதைத்தான் எடுத்துக்கொண்டேன். பக்கத்துக் கடை கபீர் அண்ணன் கார்பைட் கல் விற்பவர். இரவில் தள்ளுவண்டிக் கடை போடுகிறவர்கள் விளக்குக்கு அதைத்தான் வாங்கிப் போவார்கள். தண்ணீர் பட்டால் அந்தக் கல் ஒரு வாயுவை விடும், அந்த வாயுதான் எரியும். வியாழக்கிழமை காலை ஒரு கைப்பிடிக் கல் கேட்டேன். அவர் டிரம்மைத் திறந்து எடுத்துக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, "தண்ணி மட்டும் படாம பாத்துக்குங்க டீச்சர். பூண்டு அழுகுன மாதிரி வாடை வந்துச்சுன்னா, நெருப்பு கிட்டவே போயிடக் கூடாது" என்றார். பள்ளி விட்டு வந்ததும் அதைக் காலிப் பால்மாவு டின் ஒன்றில் போட்டு, இறுக்கி மூடி, மேசைமேல் வைத்தேன்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைமேல் கல்லைக் கொட்டுவது போல் சத்தம். கரண்டும் போயிற்று. சாமி விளக்கை ஏற்றினேன். மேசைமேல் அரிக்கேன் விளக்கையும் ஏற்றி வைத்துவிட்டுப் பாடத்தை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். "இந்தக் கல்லுக்குள் சக்தி ஒளிந்திருக்கிறது, மாணவர்களே. தண்ணீர் ஊற்றினால் அது வெளியே வரும்." என் ஐந்து வயது மகள் கோகிலா எதிரே உட்கார்ந்து கேட்டாள். நான் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டாள். கடைசி பெஞ்சுக்கு என் குரல் எட்டுவதில்லை என்று நல்லையாவுக்கு எப்போதும் குறை. முதல் பெஞ்சாவது கேட்கிறதே என்று நினைத்துக்கொண்டு உலை வைக்கப் பின்கட்டுக்குப் போனேன்.

அரிசி களைந்து முடித்து முன்னறைக்கு வந்தபோது அந்த வாடை முகத்தில் அடித்தது. அழுகிய பூண்டு.

எங்கள் வீட்டுக்கும் கபீர் அண்ணன் கடைக்கும் நடுவே ஒற்றைப் பலகைச் சுவர்தான். அதற்கு அந்தப் பக்கம்தான் கார்பைட் டிரம் இருக்கிறது. கடைக் கூரை ஒழுகியிருக்க வேண்டும். ஒரு டிரம் கல், அதில் தண்ணீர்! முதலில் அரிக்கேன் விளக்கை ஊதி அணைத்தேன். இத்தனை பயத்திலும் புத்தி வேலை செய்கிறதே என்று எனக்கே ஆச்சரியம். பின்கட்டுக்கு ஓடி, பற்றவைத்திருந்த அடுப்பில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினேன்.

கபீர் அண்ணன் கடையைச் சாத்திவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி மஜீதா மட்டும் உள்ளே இருந்தாள். பலகையைத் தட்டினேன், கத்தினேன். மழைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. பலகை இடுக்கில் கண்ணை வைத்தேன். மஜீதா கடைக்குப் பின்னால் உள்ள அறையில் குனிந்து எதையோ விசிறிக்கொண்டிருந்தாள். விசிறிய இடத்தில் சிவப்பாகக் கனன்றது.

வியாழக்கிழமை. மக்ரிப் தொழுகைக்கு முன் வீடு முழுக்க, கடை முழுக்க அவள் சாம்பிராணி போடுவாள். இன்றைக்கு நாற்றம் வேறு. இன்னும் நாலு கங்கு கூடப் போட்டிருப்பாள். அடுப்புப் பக்கம் குழந்தைகளைச் சேர்க்காதவள், தீக்குச்சியைக் கிழித்தால் மிதித்து அணைப்பவள். ஆனால் சாம்பிராணிச் சட்டி அவளுக்கு நெருப்பில் சேர்த்தி இல்லை. அது வாசனை, அது தொழுகை நேரம். அதை ஏந்திக்கொண்டு நேரே டிரம்முக்குப் பக்கத்தில் போகப் போகிறாள்.

கோகிலா மேசைக்குக் கீழே எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பொம்மைகளை வரிசையாக வைத்துப் பள்ளிக்கூட விளையாட்டு நடத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு டம்ளர்.

"கோகி, அசையக் கூடாது. இங்கயே இரு. அம்மா இப்ப வந்துர்றேன்."

"இருட்டா இருக்கும்மா."

"சாமி விளக்கு எரியுதுல்ல? பயப்படாதே."

பின்வாசல் வழியாக ஓடினேன். மின்னல் வெட்டியது. மின்னலுக்குக் கட்டிலுக்கடியில் ஒளிகிறவள் அன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாக்கடைப் பலகையில் வழுக்கி முட்டி பெயர்ந்தது. மஜீதா வீட்டுப் பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்தபோது, அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு கடை வாசற்படியில் ஒரு காலை வைத்துவிட்டாள்.

பாய்ந்து சட்டியை இரண்டு கையாலும் பிடித்தேன். சுட்டது. விட்டால் அங்கேயே கொட்டும் என்று விடாமல் ஓடிப்போய் வெளியே மழையில் வீசினேன். சட்டி உடைந்து கங்குகள் சீறி அணைந்தன.

"அல்லாவே! என்ன டீச்சர் இது? பைத்தியமா புடிச்சிருச்சு ஒங்களுக்கு?"

"டிரம்மு... மஜீதா, கார்பைட் டிரம்மு... தண்ணி பட்டிருச்சு. வாடை வரலையா ஒனக்கு?"

அவள் என் உள்ளங்கைகளைப் பார்த்தாள். கோபம் போய் முகம் வெளுத்தது. என் முழங்கையைப் பிடித்துக் கடைக்குள் கூட்டிப்போனாள். டிரம் செங்கல்மேல் நின்றது. மூடி சுத்தியலால் அடித்து இறுக்கியிருந்தது. அதற்குமேல் தார்ப்பாய். தரையில் ஈரமில்லை, கூரையில் ஒழுக்கில்லை. மஜீதா தார்ப்பாய்க்கடியில் கையை விட்டுத் தடவி, காய்ந்த கையை என்னிடம் நீட்டினாள்.

"அவங்க இதுல எல்லாம் ரொம்பக் கவனம் டீச்சர். ஒங்களுக்குக் கல்லு எடுத்துக் குடுத்துட்டு, நல்லா அடைச்சுட்டுத்தான் போனாங்க. இங்க வாடையே கம்மி. நா அப்பவே நெனச்சேன், இந்த நாத்தம் ஒங்க வீட்டுப் பக்கமிருந்துல்ல வருதுன்னு. அது போகட்டும்னுதான் சாம்பிராணியே போட வந்தேன்."

எங்கள் வீட்டுப் பக்கமிருந்து.

மேசைமேல் டின்னை வைத்தேன். அரிக்கேன் விளக்கை ஊதியபோது மேசைமேல் டின் இருந்ததா? இல்லை. கோகிலாவின் பக்கத்தில் டம்ளர். பொம்மைகளுக்குப் பாடம். தண்ணீர் ஊற்றினால் அது வெளியே வரும், மாணவர்களே.

சாமி விளக்கு எரியுதுல்ல? பயப்படாதே.

அரிக்கேன் விளக்கை அணைத்தவள், அடுப்பை அணைத்தவள், அதை மட்டும் அணைக்கவில்லை. அணைக்க மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அதை நெருப்பு என்றே நான் நினைக்கவில்லை. சற்றுமுன் மஜீதாவை நினைத்து எப்படித் தலையில் அடித்துக்கொண்டேன்!

எப்படித் திரும்பி வந்தேன் என்று தெரியாது. கதவைத் தாண்டியதும் வாடை தொண்டையைப் பிடித்தது. மேசைக்குக் கீழே பால்மாவு டின் திறந்திருந்தது. உள்ளே சளசளவென்று கொதிப்பதுபோல் சத்தம். கோகிலா டம்ளரைச் சாய்த்தபடி இருந்தாள். அவள் தலைக்குமேல் மூன்றடி உயரத்தில், மாடத்தில், சாமி விளக்கு அழகாக எரிந்துகொண்டிருந்தது.

கத்தினால் அவள் திடுக்கிட்டு மீதித் தண்ணீரையும் கொட்டிவிடுவாள். நான் கத்தவில்லை. முகத்தை மாடத்துக்குள் நீட்டி, வாயால் ஊதினேன்.

இருட்டியது. வேறொன்றும் நடக்கவில்லை. என் காதுக்குள் ரத்தம் அடிக்கும் சத்தம் மழையைவிடப் பெரிதாகக் கேட்டது. வெந்த கையால் அவளை வாரி எடுத்துக்கொண்டு, ஜன்னல்களைத் தோளால் இடித்துத் திறந்துவிட்டு, நடுத்தெருவுக்கு வந்து நின்றேன். மஜீதா எங்கள் தலைமேல் ஒரு சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு ஏதோ ஓதினாள். என் பற்கள் கிட்டித்துக்கொண்டன. இன்ஸ்பெக்டரும் பாடமும் எந்த ஊரில் இருக்கிறார்களோ, எனக்கு அக்கறையில்லை. குழந்தையின் முகம், கை, முடி என்று தடவித் தடவிப் பார்த்தேன்.

கோகிலா அழவே இல்லை. மழைத்தண்ணீர் வழிய என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். போன மாதம் அவள் சாமி விளக்கை விளையாட்டாக ஊதி அணைத்ததற்கு முதுகில் வைத்தேன் ஒன்று. அதை அவள் மறந்திருக்கவில்லை.

"சாமி விளக்க வாயால ஊதக் கூடாதுன்னு என்ன அடிச்ச. இப்ப நீ மட்டும் ஊதுன."

அவள் முதுகில், அன்றைக்கு அடித்த அதே இடத்தில், வெந்த கையை வைத்துத் தேய்த்துக்கொண்டே நின்றேன்.