ஒப்பாரிக்கு ஒரு வீடு

அறக்கட்டளையைப் பதிவு செய்வது பெரிய காரியமில்லை, அதை உட்கார வைக்க ஓர் இடம் பிடிப்பதுதான் உயிரை வாங்கும் என்பது உஷாராணிக்குத் தெரிய வந்தபோது ரப்பர் ஸ்டாம்பு வரைக்கும் செய்து முடித்திருந்தார்கள். ஸ்டாம்பு இருந்தது, பெயர்ப்பலகை இருந்தது. பலகையை மாட்ட ஒரு சுவர்தான் இல்லை.

மூன்று பேர் சேர்ந்த அறக்கட்டளை அது. திருபுவனையில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்த உஷாராணி, பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் ஜெயசீலன், பாகூர் கடைத்தெருவில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் மெஹர் நிஷா. பாகூர் சுற்றுவட்டாரத்துப் பெண்கள் பாடுகிற பாட்டுகளை ஒலிப்பதிவு செய்து, யார் வந்து கேட்டாலும் கேட்கலாம் என்று திறந்து வைப்பது நோக்கம். தாலாட்டு, நடவுப்பாட்டு, கும்மி என்று சொல்லிக்கொண்டே போனபோது எல்லோரும் தலையாட்டினார்கள். ஒப்பாரி என்ற சொல் வந்ததும் தலை நின்றுவிட்டது.

"சாவுப் பாட்டா? அத எதுக்குமா ரெக்கார்டு பண்ணிக்கினு?" என்றார் கோயில் மண்டபத்துக்குப் பொறுப்பானவர். மாதா கோயில் ஹாலைக் கேட்டுப் போன ஜெயசீலனிடம், பெருநாள் முடியட்டும், பார்க்கலாம் என்றார்கள். பெருநாள் வந்தது, போனது, யாரும் பார்க்கவில்லை. மாடி ஒன்றைக் காட்டிய ஒரு புண்ணியவான், விஷயம் தெரிந்ததும் மாடிப்படி உடைந்திருப்பதாகச் சொன்னார். அந்தப் படியில் ஏறித்தான் அவர்கள் அவரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒப்பாரி ஒன்றும் செத்துப்போன விஷயமில்லை. இந்தப் பக்கத்தில் எந்தத் தெருவில் சாவு விழுந்தாலும் பெண்கள் ஓடிவந்து ஒருத்தி தோளை ஒருத்தி கட்டிக்கொண்டு அழத்தான் செய்கிறார்கள். ஆனால் அழுத பாட்டு பாடையோடு போய்விடுகிறது. அதைப் பிடித்து வைக்க வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டவன் உஷாராணியின் புருஷன் நடேசன். அவன் மைக்செட் வைத்திருந்தான். கல்யாணம், காதுகுத்து, சாவு எதுவானாலும் அவனுடைய குழாய் ஸ்பீக்கர்தான் கட்டுவார்கள். சாவு வீட்டில் அழுகிற பெண்களுக்கு முன்னால் மைக்கைக் கொண்டுபோய் வைப்பான். "எட்டப் போடா" என்று அவர்கள் விரட்டினாலும், ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு நிற்பான். கொரோனா இரண்டாம் முறை வந்த வருஷம் அவன் போய்விட்டான். அறக்கட்டளைக்கு அவன் பெயரை வைக்கலாம் என்று ஜெயசீலன் சொன்னபோது உஷாராணி வேண்டாம் என்றுவிட்டாள்.

கடைசியில் இடம் கொடுத்தவர் சிங்காரவேலு. ஏரிக்கரைக்குப் போகிற தெருவில் அவருடைய உரக்கடை பூட்டிக் கிடந்தது. அதே கொரோனா வருஷத்தில் மகன் பாக்யராஜ் போனதிலிருந்து அவர் கடையைத் திறக்கவில்லை. கடைக்கு எதிரே அவருடைய வீடு. சாவி வாங்கப் போன அன்று அவர் மனைவி அஞ்சலை வாசல்படியில் நின்றாள். உஷாராணி சிரித்தாள். அந்த அம்மா சிரிக்கவுமில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை, உள்ளே போய்விட்டாள்.

"அது யார்கிட்டயும் பேசாது, நீ ஒண்ணும் நெனச்சிக்காத" என்றார் சிங்காரவேலு. "இன்னா வேணா பாடுங்க. கும்மி அடிங்க, குதிங்க. ஒப்பாரி மட்டும் உள்ள வெக்கக்கூடாது. சாவு உழாத எடத்துல ஒப்பாரி வெச்சா அந்த எடத்துக்கு ஆவாது. வெச்சீங்கன்னா அன்னிக்கே சாவிய வாங்கிடுவேன்."

"சரிங்க" என்றாள் உஷாராணி. பொய்தான். சொல்லும்போதே அவளுக்குத் தெரியும்.

உர வாசனை போகத் தேய்த்துக் கழுவினார்கள். பெயர்ப்பலகையை மாட்டினார்கள். நடவுக்குப் போகும் ராமாயியும் அவளோடு வரும் பெண்களும் நடவுப்பாட்டும் கும்மியும் பாடிக் கொடுத்தார்கள். சனங்கள் வந்து கேட்டுவிட்டு, நல்லா இருக்குது என்றார்கள். உஷாராணிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. எதற்காக ஆரம்பித்தோமோ அது உள்ளே வர முடியாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு கும்மி கேட்பது, சாமி இல்லாத கோயிலில் பொங்கல் வாங்கித் தின்கிற மாதிரி இருந்தது.

"வில்லியனூர் தேருக்கு அவரு கண்டிப்பா போவாரு. அன்னிக்கு வெச்சிக்கலாம்" என்றாள் மெஹர் நிஷாவிடம்.

"மாட்டிக்கினா?"

"ஜன்னல சாத்திக்கலாம். சத்தம் வெளிய போவாம பாத்துக்கலாம்."

"எங்க அத்தா மவுத்தானப்ப, சத்தம் போட்டு அழக்கூடாதுன்னு என்ன உள்ள கூட்டிக்கினு போயிட்டாங்க. அதான் முறைன்னும் எனக்குத் தெரியும். ஆனா தெருவுல யாராச்சும் அழுதாங்கன்னா, எனக்கும் சேத்து அழுவறாப்ல இருக்கும். அதுக்குத்தான் நான் இதுல சேந்ததே. சரி, சாத்திக்கலாம்" என்றாள் மெஹர் நிஷா.

தேரன்று சிங்காரவேலு பஸ் ஏறியதைப் பார்த்த பிறகு ராமாயியை வரச்சொன்னார்கள். ஜெயசீலன் ஜன்னல் இடுக்கில் கோணிப்பையைத் திணித்தார். நடுவில் பாய் விரித்து, நடேசனின் பழைய மைக்கை வைத்தாள் உஷாராணி. பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். வேர்த்துக் கொட்டியது.

"கொஞ்சம் மெதுவாப் பாடுங்க ஆயா" என்றார் ஜெயசீலன்.

"மெதுவா அழுவறதா?" ராமாயி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "சரிபா, பாக்கறேன்."

வாயைத் திறந்தாள். ஒரு இழுவை வந்தது, நின்றுவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் இழுத்தாள். பக்கத்திலிருந்தவள் வெட்கத்தில் சிரித்துவிட்டாள், இன்னொருத்தி அவள் தொடையில் கிள்ளினாள். நடவுப்பாட்டுக்கு அப்படி வாய் திறந்தவர்கள் இப்போது பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்த மாதிரி பாயைக் கீறிக்கொண்டிருந்தார்கள்.

"வரமாட்டுதும்மா" என்றாள் ராமாயி. அவளுக்கே சங்கடமாக இருந்தது. "ஆரு செத்தா? ஆர நெனச்சி அழுவட்டும்? பொதுவா அழுன்னா இன்னாத்த அழுவறது? இதுல உரிமைக்காரி ஒருத்தி மொதல்ல கொரல் குடுக்கணும். அவ 'என் ராசா'ன்னு கூப்டா, நாங்க கூட சேந்துக்குவோம். அவ வாயே திறக்கலன்னா நாங்க ஆரு அழுவ?"

இது உஷாராணிக்குத் தெரியாததா? எத்தனை சாவு வீட்டில் பார்த்திருக்கிறாள். தெரிந்துகொண்டேதான் பாய் விரித்தாள். மைக் இருந்தால், ஆள் சேர்ந்தால் எப்படியாவது நடந்துவிடும் என்று நம்பினாள். முதல் குரல் கொடுக்கச் சொல்லித் தன்னிடம் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நம்பினாள்.

ஜெயசீலன் மைக்கை அணைக்க எழுந்தார். "இருங்க சார்" என்றாள் உஷாராணி.

"எங்கூட்டுக்காரருக்கு யாரும் அழலையே" என்றாள்.

எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அவன் போன அன்று தெருவைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். உடம்பு வீட்டுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கொண்டுபோய்விட்டார்கள். சுற்றிக் கட்டிய ஒன்றைத் தூரத்திலிருந்து காட்டி, அதுதான் என்றார்கள். இந்த ராமாயி தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்று கையை மட்டும் ஆட்டினாள். தனியாக எப்படி அழுவது என்று உஷாராணிக்குத் தெரியவில்லை. அப்புறம் வேலைக்குப் போனாள், அறக்கட்டளை ஆரம்பித்தாள். ஊரில் ஒரு சாவு விடாமல் மைக் கட்டிய மனிதனுக்கு ஒரு குரல்கூட இல்லாமல் போனதை நினைக்கும் போதெல்லாம் அவளுக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம்.

ராமாயி நகர்ந்து வந்து அவள் தோளில் கை போட்டாள். "கூப்புடு" என்றாள்.

உஷாராணி கூப்பிட்டாள். முதலில் அது பாட்டாக இல்லை. தொண்டையில் எதுவோ பிய்ந்து வந்தது. பிறகு, எத்தனையோ சாவு வீட்டில் காதில் விழுந்து உள்ளே கிடந்த மெட்டு தானாக வந்து அதைத் தாங்கிக்கொண்டது.

"ஊருக்கெல்லாம் கொழா கட்டி
 ஊரையே அழவெச்ச என் ராசா
 ஒனக்கழுவ ஆளில்லாம
 ஒத்தையாப் போனியே என் ராசா
 தகரம் மறிச்ச தெருவுல
 தவிச்சி நின்னேனே என் ராசா..."

அவள் மூச்சு வாங்கிய இடத்தில் ராமாயி எடுத்தாள். மற்றவர்கள் சேர்ந்தார்கள். தோளும் தோளும் இடித்தன. மெஹர் நிஷா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து குலுங்கினாள். மெதுவாக என்று சொன்ன ஜெயசீலன், தானே போய்க் கோணியை உருவி ஜன்னலைத் திறந்துவிட்டார். வேர்வை தாங்காமல் திறந்தாரா, வேறு எதனாலா என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

ஒப்பாரிச் சத்தம் கேட்டால் இந்த ஊரில் யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். ஏரிக்கரையில் குளித்துக்கொண்டிருந்தவன் ஈரத்துணியோடு வந்தான். யாரோ இரண்டு பெஞ்சைக் கொண்டுவந்து வாசலில் போட்டார்கள். டீக்கடைக்காரர் கேனோடு வந்து நின்றார். "ஆரு? ஆரு போயிட்டா?" என்று கேட்டார்கள். "மைக்செட் நடேசன்" என்றார் ஜெயசீலன்.

"அவரு போயி வருசமாச்சே" என்றான் ஈரத்துணிக்காரன்.

"ஆமா. இன்னிக்குத்தான் அழுவறாங்க."

கேட்டவன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். ஒருவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஆண்கள் சாவு வீட்டு வாசலில் எப்படி உட்காருவார்களோ அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

அழுகை தணிந்து, பெண்கள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சிங்காரவேலு வந்தார். நெற்றியில் தேர் விபூதி அப்படியே இருந்தது. கூட்டம் வழிவிட்டது. உஷாராணி எழுந்து நின்றாள். முகம் வீங்கி, தலை கலைந்திருந்தது. மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தாள்.

"இன்னா சொல்லி வாங்கின நீ?" என்றார்.

"ஒப்பாரி வெக்கமாட்டோம்னு சொன்னேன்."

"வெச்சியா?"

"வெச்சேன்."

"சாவியக் குடு."

ஜெயசீலன் ஏதோ பேச வந்தார். உஷாராணி கையைக் காட்டி நிறுத்திவிட்டுச் சாவியைக் கொடுத்தாள். தானே பாயைச் சுருட்டினாள், மைக்கை எடுத்துக்கொண்டாள். எல்லோரும் வெளியே வந்ததும் சிங்காரவேலு கடையைப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். பெயர்ப்பலகையைக் கழற்றி ஜெயசீலன் கையில் கொடுத்தார். இத்தனை நாள் அலைச்சலும் இப்படி முடிந்தது. உஷாராணிக்கு அழவேண்டும் போலக்கூட இல்லை. உடம்பு லேசாக இருந்தது, அது மட்டும் தெரிந்தது.

அவர் போகவில்லை. சாவியை மடியில் செருகிக்கொண்டு, பூட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"இது கடை. இங்க சாவு உழல. இங்க அழுதது தப்பு. நாளைக்கு நான் கழுவி வுட்டுக்கறேன்."

"சரிங்க" என்றாள் உஷாராணி.

"எங்க வூட்ல உழுந்துக்குது" என்றார். செருமிக்கொண்டார். "எம்புள்ளையும் வூட்டுக்கு வராம அப்டியேதாம்மா போனான். அங்கயும் யாரும் அழல. அவனப் பெத்தவ அன்னிக்கு வாய மூடினவதான். நீங்க வருவீங்களா?"

உஷாராணி ராமாயியைப் பார்த்தாள். ராமாயி கொண்டையை இறுக்கி முடிந்தபடி கிளம்பிவிட்டிருந்தாள். எதிர் வீட்டு வாசலில் அஞ்சலை நின்றாள். எப்போது வந்து நின்றாளோ, கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

மைக்கை மெஹர் நிஷாவிடம் கொடுத்துவிட்டு உஷாராணி தெருவில் இறங்கினாள். பெண்கள் பின்னால் வந்தார்கள். அவர்கள் பாதித் தெருவைக் கடப்பதற்குள்ளேயே, யாரும் தோளில் கை வைப்பதற்கு முன்பாகவே, அந்த அம்மா மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.