நெலிதாவின் துணிமூட்டை

ஆற்றுத் தண்ணீர் விரல்களைக் கடித்தது. ரூஃபினோ மனைவியின் பச்சைப் பாவாடையைப் பாறைமேல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். கம்பளிப் பாவாடை நனைந்ததும் ஆட்டுக்குட்டி கனம் கனத்தது. இதைக் கட்டிக்கொண்டு நெலிதா எப்படித்தான் வயல் மேட்டில் ஏறி இறங்கினாளோ. அவளோடு வாழ்ந்த காலத்தில் அவள் துணி ஒன்றைக்கூட அவன் துவைத்ததில்லை.

"அப்பா, அம்மாதான் செத்துப்போயிட்டாங்களே. எதுக்கு அவங்க துணியைத் துவைக்கிறோம்?"

சைதாவுக்கு ஐந்து வயது. தாய் செத்ததிலிருந்து அவள் அழுததைவிடக் கேள்வி கேட்டதுதான் அதிகம்.

"அம்மா அழுக்குத் துணியோட போகக்கூடாதுல்ல."

"துணி இங்கதானே இருக்கு?"

ரூஃபினோ பாவாடையைத் திருப்பிப் போட்டான். செத்தவர்களின் துணியை ஐந்தாம் நாள் ஆற்றில் துவைப்பது மலையில் வழக்கம். ஏன் என்று அவனும் கேட்டதில்லை.

வயலில் உருளைக்கிழங்கை மூட்டை பிடித்துக்கொண்டிருந்த நெலிதா, தலை வலிக்கிறது என்று வரப்பில் உட்கார்ந்தாள். எழவில்லை. அவன் அப்போது லீமாவுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். லாரியைத் திருப்பி வீடு வந்து சேர்ந்தபோது வாசலில் ஊர் முழுக்கக் கூடியிருந்தது. எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவனுடைய மைத்துனி எர்மெலிந்தா மட்டும் பார்க்கவில்லை.

நெலிதாவின் அக்கா அவள். ஹுவாமாங்கா நகரத்தில் துணிக்கடை வைத்திருக்கிறாள், பிள்ளை இல்லை. சற்றுத் தள்ளி உட்கார்ந்து தங்கையின் ரவிக்கைகளை ஒவ்வொன்றாகப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"நாளைக்கு வண்டியில சைதாவை நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள், பிழிவதை நிறுத்தாமல்.

"மதினி, அதைப் பத்தி அப்புறம்..."

"எப்ப அப்புறம்? நீ லாரி ஏறினப்புறமா? மாசத்துல பாதி நாள் ரோட்டுல கிடக்கிற. உனக்கு நெலிதாவைப் பத்தி என்ன தெரியும்? என் தங்கச்சி மனசுல இருந்ததெல்லாம் என்கிட்டதான் சொன்னா. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவா."

அவள் சொன்னதில் பொய் இல்லை. மூட்டையில் அடுத்த துணிக்காகக் கையை விட்டான். அடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஏதோ கடினமாகத் தட்டுப்பட்டது. வெளியே எடுத்துப் பிரித்தான்.

கறுப்பு பூட்ஸ். அடியில் வரிசையாக ரப்பர் குமிழ்கள். குமிழ்களுக்கு நடுவே காய்ந்த செம்மண்.

"யாரோடது இது?" எர்மெலிந்தா எழுந்து வந்தாள். பூட்ஸையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆம்பளை பூட்ஸ் மாதிரில்ல இருக்கு."

ரூஃபினோ பூட்ஸைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். சின்னது. இந்தப் பாதம் அவனுக்குத் தெரியும். குளிர் நாட்களில் அவன் முழங்கால்களுக்கு நடுவே வந்து சூடு தேடும் பாதம்.

பக்கத்துப் பாறையில் துவைத்துக்கொண்டிருந்த அண்டைவீட்டு தொமித்திலா வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பு பிதுங்கியது.

"ஐயோ, துக்கத்துல சிரிக்கக்கூடாது... தம்பி, உனக்கு நிசமாவே தெரியாதா? அவதான் எங்க கோல்கீப்பர்."

"என்னது?"

"ஞாயித்துக்கிழமை கீழ்மைதானத்துல பொம்பளைங்க ஃபுட்பால் ஆட்டம். பாவாடையை இழுத்துச் சொருகிக்கிட்டு நிப்பா பாரு, காளைமாடு நிக்கிற மாதிரி இருக்கும்."

ரூஃபினோ பூட்ஸும் கையுமாக அவள் எதிரில் போய் உட்கார்ந்தான். "பாஞ்சு பிடிப்பாளா?"

"பாயவே மாட்டா. எதிர்ல நிக்கிறவ உதைக்க வரும்போது அவ மூஞ்சியைப் பார்த்துச் சிரிப்பா. அவ்வளவுதான். வந்தவ குழம்பிப்போவா, பந்து நேரா நெலிதா கையில வந்து விழும்."

அந்தச் சிரிப்பு அவனுக்குத் தெரியும். தாமதமாக வந்து நின்று டயர், மண்சரிவு என்று அவன் காரணம் சொல்லத் தொடங்கும்போது கதவருகே நின்று அப்படித்தான் சிரிப்பாள். அவனுக்கும் பாதியில் எல்லாம் மறந்துபோகும்.

"ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அவளுக்கு மூச்சு வாங்கும்" என்றாள் எர்மெலிந்தா மெதுவாக. "மேடு ஏறி வந்தேன்னு சொல்லுவா."

"எனக்குத் தெரியுமே" என்றாள் சைதா. "பந்து பொறுக்கிப் போடுறது நான்தான். போட்டியில ஒரு செம்மறிக்கடா தருவாங்களாம். அதை ஜெயிச்சு நம்ம வாசல்ல கட்டி வைப்பாங்களாம். அப்பா லாரியில இருந்து இறங்கி, இது யாரோட கடான்னு கேக்கணுமாம். அதுவரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னாங்க. இப்ப சொல்லலாம்ல?"

எர்மெலிந்தா பூட்ஸை வாங்கி, குச்சியொன்றை எடுத்து, குமிழ்களுக்கு நடுவிலிருந்த மண்ணைக் கிண்டிக் கிண்டி எடுத்தாள். பிறகு ஆற்றில் அலசினாள்.

பொழுது சாயும்போது தொமித்திலா அடுப்புச் சாம்பலைச் சலித்து ரூஃபினோவின் வீட்டு நடையில் மெல்லிசாகத் தூவினாள். போகிற உயிர் ஒருதரம் வீட்டைப் பார்க்க வரும். அதன் தடம் விடிந்ததும் சாம்பலில் தெரியும் என்பார்கள். எல்லோரும் தொமித்திலாவின் வீட்டிலேயே படுத்துக்கொண்டார்கள்.

விடியற்காலையில் முதல் ஆளாக வந்து நின்றது ரூஃபினோதான். சாம்பலில் தடம் இருந்தது. சின்னச் சின்ன வெறுங்கால் தடங்கள், வெளியிலிருந்து உள்ளே.

பின்னால் வந்த தொமித்திலா நெஞ்சைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். "உள்ளதான் போயிருக்கு. பிள்ளைத் தடம். பிள்ளை இந்த வீட்டுலயே இருக்கணும்னு நெலிதா சொல்றா."

"பிள்ளையைத் தேடிட்டுப் போயிருக்கா" என்றாள் எர்மெலிந்தா. "பிள்ளை இங்க தனியாக் கிடக்குதேன்னு."

"அது நான்" என்றாள் சைதா.

மூவரும் திரும்பினார்கள். அவள் பாதமெல்லாம் சாம்பல்.

"எல்லாரும் தூங்கினப்புறம் வந்தேன். அம்மா வந்தா எந்தப் பக்கமா வருவாங்கன்னு பார்க்கலாம்னு."

தொமித்திலா தலையிலடித்துக்கொண்டாள். ரூஃபினோ குனிந்து உட்கார்ந்தான். கேட்கக்கூடாது என்று தோன்றியும் கேட்டுவிட்டான்.

"வந்தாங்களா?"

"இல்ல. பூனைதான் இருந்துச்சு. நான் கூப்பிட்டேன், வரல. அப்புறம் குளிருச்சு, பின்வாசல் வழியா வந்து படுத்துட்டேன்."

"போச்சு. இனிமே இதுல ஒண்ணும் பார்க்க முடியாது" என்றாள் தொமித்திலா.

ரூஃபினோ எழுந்து சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். எர்மெலிந்தா முன்னாலேயே லாரி முதலாளியைக் கூப்பிட்டான்.

"ஐயா, லீமா லோடு இனி வேண்டாம். பக்கத்து ஊருங்களுக்குப் போற பால் வண்டியைக் கொடுங்க... தெரியும்யா, சம்பளம் குறைச்சல்தான்... ஆமா, சாயங்காலம் வீட்டுக்கு வந்துறலாம்ல, அதுக்குத்தான்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். "இல்லேன்னா வேற இடம் பார்த்துக்கறேன்யா... சரிங்க. திங்கக்கிழமை வந்துர்றேன்."

எர்மெலிந்தா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"சமைக்கத் தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"தலை சீவிவிட?"

"தெரியாது மதினி."

"தெரியாததையெல்லாம் எவ்வளவு தைரியமாச் சொல்ற." அவள் சைதாவின் காலிலிருந்த சாம்பலைத் தட்டிவிட்டாள். "அவ பகல்ல எங்க இருப்பா?"

"என் வீட்டுல" என்றாள் தொமித்திலா. "நெலிதா வயலுக்குப் போறப்பவும் அங்கதானே கிடந்தா."

எர்மெலிந்தா குனிந்து உட்கார்ந்தாள். நடையிலிருந்த சாம்பல் தடம் ஒன்றின்மேல் கையை விரித்து அளந்து பார்த்தாள்.

"பள்ளிக்கூட லீவுல எல்லாம் அவ என்கிட்ட."

"அனுப்புறேன். லீவு இல்லாதப்ப நீங்க வாங்க."

மதிய வண்டியில் எர்மெலிந்தா தனியாகத்தான் ஏறினாள். பூட்ஸைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி வளைவில் மறைந்த பிறகும் சைதா சாலையில் நின்று, எத்தனை வளைவு தாண்டினால் ஹுவாமாங்கா வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஊர்க்காரர்கள் கொண்டுவந்த சாப்பாடு தீர்ந்திருந்தது. ரூஃபினோ அடுப்பில் ஈர விறகைத் திணித்து, ஊதி ஊதிக் கண் சிவந்தான். சட்டியில் தண்ணீர் ஒருவழியாகக் கொதித்தது. கிழங்கை வெட்டிப் போட்டான். மேலே கட்டித் தொங்கவிட்டிருந்த முன்யா மூலிகை இலைக்கொத்தை எட்டிப் பறித்து, நசுக்கி மோந்து பார்த்தான். நெலிதாவின் சூப்பில் வந்த வாசனை இதுதான்.

"சைதா, அம்மா இதை எப்பப் போடுவாங்க? கிழங்கு வெந்தப்புறமா, முன்னாடியா?"

அவள் முகவாயில் விரலை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

அவன் கையில் இலையோடு சட்டியருகே நின்றான்.