மேலாளர் பெயரில் வந்த மெயில்

ஸ்டோர் அக்கா அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. "அவசரம், உடனே திறக்கவும்" என்று மேலாளர் பெயரில் வந்த போலி மெயிலை அவர் திறந்துவிட்டார். கிடங்கிலிருந்த கணினிகள் எல்லாம் படுத்துவிட்டன. மேலாளர் எல்லார் முன்னாலும் அவரை வறுத்தெடுத்தார். "சாயங்காலத்துக்குள்ள மெயில் வரும். நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

"அவர் மெயிலை உடனே திறக்கலைன்னாலும் திட்டுறாரு, திறந்தாலும் திட்டுறாரு. நான் என்னதான் பண்றது தம்பி?" என்றார் அக்கா.

எனக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. இந்த அலுவலகத்தின் மெயில்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வெளியிலிருந்து வருவதை எல்லாம் வாசலிலேயே நிறுத்திச் சோதிக்க ஒரு ஃபில்டர் இருக்கிறது. அதைத் தாண்டி இது எப்படி வந்தது? வந்த வழியைத் தோண்டிப் பார்த்தேன். ஃபில்டர் அதைத் தொடவே இல்லை. 'நம் கம்பெனி முகவரி போட்டு வந்தால் சோதிக்க வேண்டாம்' என்று அதில் ஒரு விதிவிலக்கு.

யார் வேலை என்று உடனே புரிந்தது. மேலாளர் தன் போனில், சொந்த மெயில் கணக்கு வழியாகவே கம்பெனி முகவரியைப் போட்டு அனுப்புவார். வெளியிலிருந்து வருவதால் ஃபில்டர் அதைப் போலி என்று பிடிக்கும். போனைக் கொடுங்கள், சரிசெய்து தருகிறேன் என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன். "என் மெயிலுக்கே சோதனையா?" என்று குதித்தவர், நான் லீவில் போன சமயம் பார்த்து வெளியாளை வைத்து இதைப் போட்டிருக்கிறார். கதவைத் திறந்து போட்டது இவர், திருடன் வந்ததற்குத் திட்டு அக்காவுக்கு.

அந்த விதிவிலக்கை அழித்தேன். நான் தட்டிய தட்டில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

சாயங்காலம் மேலாளர் போனில் வந்தார். அக்கா எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தம்மாவுக்கு அனுப்பின மெயில் போகல. உன் ஃபில்டர் பிடிச்சு வச்சிருக்கு. விடு அதை."

"போலின்னு காட்டுது சார்."

"நான்தான்யா அனுப்பினேன்."

"காலையில வந்த மெயிலும் உங்க பேர்லதான் சார் இருந்துச்சு. அது நீங்க இல்லன்னு அக்காவுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

எழுதிக்கொண்டிருந்த அறிக்கையைத் திரையில் திறந்தேன்.

"அது உள்ள வந்ததே நீங்க போட வச்ச விதிவிலக்காலதான். முதலாளிக்கு அறிக்கை எழுதிட்டு இருக்கேன். இந்த மெயிலையும் சேர்த்து அனுப்பட்டுமா, அழிச்சிடட்டுமா?"

"அழிச்சிடு" என்றார்.

மெயிலை அழித்தேன். அறிக்கையை அனுப்பினேன்.