அலமாரிக்குள் கிடந்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்பார்கள். சொல்லாதுதான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். விலைபோன சாட்சியும் அப்படித்தான் சொல்லுவான்.

அந்த மருந்துக் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைக் காவல் காக்கிறவனுக்குக் கழுகு என்று பட்டப்பெயர். யாராவது பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டால், கண்ட ஃபைலைத் திறந்தால், அவன் திரையில் ஓர் எச்சரிக்கை வந்து விழும். மழைக்கு ஈசல் புறப்படுகிற மாதிரி வரும். எதைப் பார்ப்பது, எதை விடுவது? மேனேஜர் தினமும் வந்து காய்ச்சி எடுத்தார்.

பொறுத்துப் பார்த்துவிட்டு, கழுகு ஒரு குவெரி எழுதினான். எச்சரிக்கைகளைக் கம்ப்யூட்டர் பெயர் வாரியாகக் கூட்டு, அதிகம் வாங்கியதை மேலே வை என்று மெஷினுக்குச் சொல்கிற நாலு வரி. ஈசல் கூட்டம் சட்டென்று அடங்கிவிட்டது. மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

உச்சியில் வந்து நின்றது குடோன் கம்ப்யூட்டர் ஒன்று. மற்றதெல்லாம் அதன் முழங்காலுக்குக்கூட வரவில்லை. கம்பெனிப் பதிவேட்டின்படி, அதில் உட்கார்ந்து சரக்குக் கணக்கு ஏற்றுகிறவன் கழுகின் மைத்துனன். பெண்டாட்டியின் நச்சரிப்புத் தாங்காமல் கழுகே சிபாரிசு பண்ணிச் சேர்த்துவிட்டவன். கைக்குழந்தைக்காரன்.

கம்பெனி ஃபைலைத் திருடப் பார்த்தாயா என்று மேனேஜர் அறையில் வைத்து விசாரித்தார்கள். மைத்துனன் அழவில்லை, கத்தவில்லை. கழுகைத்தான் பார்த்தான்.

"மாமா, எனக்கு ஸ்டாக் ஏத்துறதைத் தவிர அதுல ஒண்ணும் தெரியாது. உங்களுக்குத் தெரியாதா? நீங்க சொல்லுங்க."

கழுகு திரையைப் பார்த்துக்கொண்டே, "கம்ப்யூட்டர் லாக்ல அப்படித்தான்டா பதிவாயிருக்கு" என்றான்.

அன்றைக்கே அவனை வெளியே அனுப்பினார்கள். கம்ப்யூட்டரையும் பிடுங்கி, கழுகின் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

மறுநாள் காலையில் குவெரியை ஓட்டினால், உச்சியில் அதே பெயர். புதிது புதிதாக எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. கழுகு எழுந்து அலமாரியைத் திறந்தான். கம்ப்யூட்டர் வயரைச் சுருட்டிக்கொண்டு செத்த மாதிரிக் கிடந்தது.

குடோனுக்கு ஓடினான். அங்கே சரக்கு இறக்குகிற வாசல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்ப்யூட்டர். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். குடோன் திறந்த அவசரத்தில், கம்ப்யூட்டர் போட்ட கான்ட்ராக்ட்காரன் ஒன்றைத் தயார் பண்ணி அப்படியே மற்றவற்றுக்கும் காப்பி போட்டிருக்கிறான். பெயரை மாற்ற அவனுக்குச் சோம்பல். மாற்றினானா என்று பார்க்க மேனேஜருக்குச் சோம்பல். அத்தனை பேர் விரல் தவறியதும் மைத்துனன் ஒருத்தன் தலையில் விடிந்துவிட்டது.

கழுகு போய்ச் சொன்னதை மேனேஜர் கேட்டுவிட்டு ஆச்சரியப்படவே இல்லை. அதுதான் கழுகுக்கு முதலில் உறைத்தது.

"மேலிடத்துக்கு ரிப்போர்ட் போயாச்சுப்பா. இப்ப போயித் தப்புன்னு சொன்னா, குவெரி எழுதினது யாருன்னுதான் முதல்ல கேப்பாங்க."

"அப்ப என் மச்சான் சார்?"

"சின்ன வயசு, வேற எங்கியாவது பொழச்சுக்குவான். நீ அந்தப் பேரை மட்டும் விட்டுட்டுக் கூட்டு."

தன் நாற்காலி ஆடுகிறது என்றால் மச்சானாவது மாமனாவது. மத்தியானம் கழுகு குவெரியில் இன்னொரு வரி சேர்த்தான்: அந்தப் பெயர் வந்தால் கணக்கில் எடுக்காதே. திரை துடைத்துவிட்ட மாதிரி ஆனது. இனி எந்தத் திருடன் குடோனுக்குள் புகுந்தாலும் கழுகுக்குத் தெரியாது. மேனேஜர் மறுபடி முதுகில் தட்டினார்.

வீட்டில் பெண்டாட்டி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். தம்பி அப்படிப்பட்டவன் இல்லை என்று முந்தின ராத்திரி முழுக்கச் சண்டை போட்டவள்.

"அவன் போனப்புறம் அந்த எச்சரிக்கை வர்றது நின்னுருச்சா?"

"நின்னுருச்சு" என்றான் கழுகு.

அவள் அங்கேயே உட்கார்ந்தபடி தம்பிக்குப் போன் போட்டாள்.

"இனிமே என் மூஞ்சில முழிக்காதடா. நீ போனதும் எல்லாம் நின்னுருச்சாம்."

கழுகு தலையைத் தூக்காமல் தின்று முடித்தான்.