படுத்திருந்த பிள்ளையார்

எனக்கு முன்கோபம் கூட. பயம் அதைவிடக் கூட. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு முப்பது வருடம் படிப்பித்தேன் என்றால் என்னிடம் படித்த பிள்ளைகள்தான் பாவம். ஆனால் உயிர் நடுங்கப் பயந்தது ஒரே ஒரு நாள். ஏழு வயதுப் பிள்ளை ஒன்று வாயைத் திறந்து ஒரு வசனம் சொன்னால் அவளுடைய தகப்பன் மறியலில் கம்பி எண்ணப் போவான் என்று அன்றைக்கு இருந்தது. அந்தப் பிள்ளைக்கு வாயைத் திறக்கப் பழக்கிவிட்டவளும் நான்தான்.

1959ஆம் ஆண்டு. வட்டக்கச்சிக்கு அப்பால், காடு வெட்டிக் காணி கொடுத்த ஒரு குடியேற்றத்தில் எங்கள் பள்ளிக்கூடம் இருந்தது. ஓலைக் கூரை, அரைச்சுவர், இரண்டாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். நான் பயிற்சிக் கல்லூரியால் வந்த சூடு ஆறாதவள். சின்னப் பிள்ளைக்குப் பலகையைப் பார்த்துப் படம் கீறப் பழக்கக்கூடாது, கண்டதைக் கீற விடவேண்டும், கீறியதைத் தன் வாயால் சொல்ல விடவேண்டும், பேச்சும் எழுத்தும் பின்னால் தானாக வரும் என்று அங்கே சொல்லித் தந்திருந்தார்கள். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். கல்வி இலாகா வர்ணத்துக்கு ஒரு சதமும் தராது. மஞ்சள், கரி, செங்கல் தூள், வேட்டிக்குப் போடும் நீலம், இவைதான் எங்கள் வர்ணங்கள். கடையில் சாமான் சுற்றும் தாள்தான் எங்கள் கடதாசி.

ஊரில் சிரித்தார்கள். "ரீச்சர் பிள்ளையளுக்குச் சுவரிலை கரி பூசப் பழக்கிறா" என்று தலைமையாசிரியர் பரமலிங்கமே சொன்னாராம். சொல்லட்டும். கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த இராசமலர் என்ற பிள்ளை, தான் கீறிய கோழியைப் பற்றிக் கால்மணி நேரம் கதைத்தாள். அடுத்த மாதம் "கோழி" என்று தானே எழுதினாள். எனக்குத் தலைகால் தெரியாத புளுகம், அவ்வளவு சந்தோசம்.

இந்தப் புதுமையைப் பார்க்க, பள்ளிக்கூடங்களைச் சோதிக்கும் வித்தியாதரிசி வருகிறார் என்று கடிதம் வந்தது. அவருக்குப் பிடித்தால் மற்ற வகுப்புகளுக்கும் இப்படியே படிப்பிக்கலாம். பிடிக்காவிட்டால் பழையபடி பலகையைப் பார்த்துக் கீறுவதுதான். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு படம் கீறி, பெயர் எழுதி, வித்தியாதரிசிக்கு முன்னால் அதைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு செய்தேன்.

இராசமலர் ஒரு யானை கீறினாள். யானைக்கு முன்னால் ஒரு ஆள் முழங்காலில் கும்பிட்டுக்கொண்டிருந்தான். உடைத்த தேங்காய் இரண்டு பாதி, பக்கத்தில் மஞ்சளாய் ஒரு சுடர். ஆளுக்கு அருகில் நீளமாய் ஒரு கறுப்புச் சாமான் கிடந்தது. யானையின் நாலு காலும் ஒரே பக்கமாய் நீட்டிக்கொண்டிருந்தன. சின்னப்பிள்ளைக்குக் காலை நிமிர்த்திக் கீற வரவில்லை என்று நினைத்தேன்.

"பிள்ளையார் கோயிலோ? நல்ல வடிவாயிருக்கு. ஆனால் பிள்ளையாருக்குக் கொம்பைக் காணேல்லை?" என்று கேட்டேன்.

"இவருக்குக் கொம்பு இல்லை, ரீச்சர்."

அந்தக் கறுப்புச் சாமான் நாதஸ்வரம் என்று நானே முடிவு கட்டினேன். அவளை மேலே சொல்லவும் விடவில்லை. வித்தியாதரிசிக்கு முன்னால் புதிதாய்ச் சொல்லட்டும் என்று வாயைப் பொத்திக்காட்டினேன். கெட்டிக்காரிதானே நான்.

தலைமையாசிரியருக்குப் படத்தைக் கண்டதும் பக்தி பொங்கிவிட்டது. படங்களைக் கயிற்றில் ஈர்க்கால் குத்தித் தொங்கவிட்டிருந்தோம். அவர் பிள்ளையாரை எடுத்து நடுவில் குத்தி, நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்து, மேலே ஒரு செவ்வரத்தம்பூவும் செருகினார். "இப்பதான் ரீச்சர் உங்கடை படிப்பிலை ஒரு அர்த்தம் இருக்கு" என்றார்.

வித்தியாதரிசி ஜீப்பில் வந்து இறங்கினார். அந்தப் பக்கம் பஸ் இல்லாதபடியால் வனவிலங்கு இலாகா உத்தியோகத்தர் ஒருவருடைய ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்திருந்தார். உத்தியோகத்தர் காக்கி உடுப்பு, நல்ல உயரம். மரத்தடியில் கதிரை போட்டு இருத்தி, நான் தேத்தண்ணி கொண்டுபோனேன்.

"கொழும்பிலையிருந்து ஒரே கரைச்சல்" என்று உத்தியோகத்தர் தலைமையாசிரியருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "போன கிழமை குளத்துக்குப் பின்னாலை ஒரு அலியனை ஆரோ சுட்டுப்போட்டான். வயலுக்கை வந்திருக்கும். இடியன் துவக்கு, லைசென்சும் இருக்காது. ஒரு புதினம் என்னெண்டால், சுட்டவன் யானையின்ரை தலைமாட்டிலை தேங்காய் உடைச்சு, கற்பூரமும் கொளுத்தியிருக்கிறான்."

"பாவத்துக்குப் பயந்தவன் போலை."

"பாவத்துக்குப் பயந்தவன் சட்டத்துக்கும் பயப்பிடோணும். ஆள் பிடிபட்டால் மறியல். காணிப் பெர்மிற்றும் போகும்."

அலியன் என்றால் கொம்பில்லாத ஆண் யானை. அது எனக்குத் தெரியும். தேத்தண்ணித் தட்டத்தைக் கதிரையில் வைத்தேனோ நிலத்தில் வைத்தேனோ நினைவில்லை. இராசமலரின் தகப்பன் அப்புத்துரையின் வயல் குளத்துக்குப் பின்னால்தான் இருந்தது. நெல் முற்றி நின்றது. நாலு பிள்ளைகள், அந்தக் காணியைத் தவிர வேறு நாதியில்லை.

வகுப்புக்குள் ஓடினேன். யானை படுத்திருந்தது. காலை நிமிர்த்தத் தெரியாமல் கீறவில்லை அவள், கண்டபடியே கீறியிருந்தாள். நாதஸ்வரம் துவக்காகிவிட்டது. கீழே, நான் சொல்லிக்கொடுத்த அழகான எழுத்தில், இராசமலர் என்று பெயர். கழற்றலாம் என்று கை நீட்டினேன். "பூ விழப்போகுது ரீச்சர், கவனம்" என்று சொல்லிக்கொண்டு தலைமையாசிரியர் வித்தியாதரிசியை உள்ளே அழைத்து வந்தார். வித்தியாதரிசி படத்தைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். காக்கி உடுப்புக்காரர் அரைச்சுவரில் சாய்ந்து நின்று சிகரெட் பற்றவைத்தார்.

பிள்ளைகள் ஒவ்வொருவராய் எழும்பிச் சொன்னார்கள். தவராசா தன் வீட்டு மாட்டைப் பற்றிச் சொன்னான். மாடு உதைத்ததையும் சொன்னான். வித்தியாதரிசி விழுந்து விழுந்து சிரித்தார். "அருமை ரீச்சர், பிள்ளையள் பயமில்லாமல் உண்மையைக் கதைக்குதுகள்" என்றார். ஒரு மாதமாய் நான் தவமிருந்து காத்திருந்த வார்த்தை. அது எனக்குச் சாபம் போலக் கேட்டது. இராசமலர் ஏழாவது. நான் விரலை மடித்து எண்ணிக்கொண்டு நின்றேன்.

ஐந்தாவது பிள்ளை முடிந்ததும் சொன்னேன். "இராசமலர், ஓடிப்போய்க் கிணத்தடியிலை வாளியை எடுத்துக்கொண்டு வா."

"பொறுங்கோ ரீச்சர்" என்றார் வித்தியாதரிசி. "பிள்ளையார் படம் கீறின பிள்ளை இவவோ? சொல்லிப்போட்டுப் போகட்டும். வா அம்மா, முன்னுக்கு வா."

அவள் வந்தாள். சட்டையை இழுத்துவிட்டு நேராய் நின்றாள். நான் அப்படித்தான் பழக்கியிருந்தேன்.

"இது பிள்ளையார்தானே?"

"ஓம். அப்பா பிள்ளையார் எண்டுதான் கும்பிட்டவர்."

"நல்லது. ஏன் இவர் படுத்திருக்கிறார்?"

அரைச்சுவரில் சாய்ந்திருந்தவர் தலையைத் திருப்பினார். சிகரெட் வாயருகே நின்றுவிட்டது. இராசமலர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"பொய் சொல்லாதை!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே தெரியவில்லை. "நான் பலகையிலை கீறினதைப் பார்த்துத்தானே கீறினனீ? சொந்தமாய்க் கீறினது மாதிரிக் கதை அளக்கிறாய்! பொய்க்காரி!"

நான் பலகையில் ஒருநாளும் எதுவும் கீறியதில்லை என்று முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் தெரியும். யாராவது ஒன்று "இல்லை ரீச்சர்" என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. இராசமலர் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு காக்கி உடுப்பைப் பார்த்தாள். திரும்ப என்னைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து சிரிப்புப் போன விதத்தைச் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"ஓம் ரீச்சர். பார்த்துத்தான் கீறினனான்" என்றாள்.

உத்தியோகத்தர் உள்ளே வந்து படத்துக்கு முன்னால் நின்றார். "இது என்ன, துவக்கோ?"

"நாதஸ்வரம், சேர். எனக்கு வடிவாய்க் கீற வராது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் உண்மையாகவே அழுதுவிட்டேன். படம் கீறத் தெரியாத வெட்கத்தில் அழுகிறேன் என்று எடுத்தாரோ, வேறு என்ன நினைத்தாரோ. "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டு வெளியே போனார்.

வித்தியாதரிசி தன் குறிப்புப் புத்தகத்தை மூடினார். "அப்ப மற்றப் படங்களும் இப்பிடித்தானே? என்னை ஏமாத்தவோ இவ்வளவு சோடினை?" என்றார். இந்தப் பாடசாலையில் சித்திரத்தைப் பழைய முறையிலேயே படிப்பிக்கவேண்டும் என்று பள்ளிக்கூடப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனார். தலைமையாசிரியர் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஜீப் மறைந்ததும் படத்தை நான் எரித்தேன். பின்னேரம் அப்புத்துரை வந்து படலையடியில் நின்றார். "பள்ளிக்கூடத்திலை நடந்ததைப் பிள்ளை சொன்னவள் ரீச்சர். பயிருக்காண்டி யானையை வெருட்டத்தான் வெடி வைச்சனான், பட்டுட்டுது. அவள் பின்னாலை வந்ததே எனக்குத் தெரியாது" என்றார். பிறகு, "அவளோடை கோவியாதேங்கோ" என்றார். கோபிக்க எனக்கு என்ன உரிமை?

அடுத்த சித்திரப் பாடம் வெள்ளிக்கிழமை. கட்டளை கட்டளைதான், ஆனாலும் மனம் கேட்கவில்லை. கதவில்லாத அந்தக் கொட்டகைக்குள் குரலைத் தாழ்த்தி, "விரும்பினதைக் கீறுங்கோ" என்றேன். எல்லாரும் குனிந்தார்கள். இராசமலரின் தாள் வெறுமையாக இருந்தது. பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"என்னம்மா, ஒண்டும் கீறேல்லையோ?"

"ஆரையும் பிடிச்சுக்கொண்டு போகாத மாதிரி என்ன கீறலாம், ரீச்சர்?"

யோசித்துப் பார்த்தேன். கடைசியில், "ஒரு மாம்பழம் கீறு, ராசாத்தி" என்றேன்.

அவள் கரித்துண்டை எடுத்தாள். தாளில் வைத்தாள். வைத்த கையை எடுத்துவிட்டு, மெல்ல, பக்கத்துப் பிள்ளைக்கும் கேட்காமல் கேட்டாள்.

"ஆரின்ரை மாம்பழம், ரீச்சர்?"